சூடாகாத மானிட்டர் தேடிய கதை

ஊர்ப்பக்கம் ஆன்லைன் சென்டர் நடத்துகிறவர்களின் பிழைப்பு இதுதான்: பாதி நேரம் கம்ப்யூட்டருக்காகக் காத்திருப்போம், மீதி நேரம் கம்ப்யூட்டர் சொன்னதற்காக மனுஷர்களிடம் திட்டு வாங்குவோம். சர்வர் படுத்துவிட்டால் நாம்தான் அதைப் படுக்க வைத்தோம். ஓடிபி வரவில்லையென்றால் நாம்தான் அதை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறோம். இதைப் படிப்பவர்களில் நம் தொழில்காரர்கள் இருந்தால் இந்நேரம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள், நானும் கூடவே விடுகிறேன்.

என் கடை உத்திரமேரூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப்போகக் குனிய வேண்டும். மேஜை என்று நான் சொல்வது பழைய தையல் மெஷின் மேஜை. மெஷினைக் கழற்றிவிட்டு மேலே ஒரு பலகையை அடித்திருக்கிறோம். கீபோர்டு, மவுஸ், கைரேகை வைக்கிற கருவி, ஸ்கேனர், ஸ்டாப்ளர் எல்லாம் அதன்மேல்தான். இத்தனைக்கும் நடுவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது ஒரு பெரிய பழைய மானிட்டர். என் கொழுந்தனார் வேலை பார்த்த கம்பெனியில் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது ஆசையாக எனக்கென்று தூக்கி வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதனோடு நான் பட்ட பாட்டையும், அதைவிடச் சின்னதாக ஒன்று வாங்கி நான் ஜெயித்ததையும்தான் சொல்லப் போகிறேன்.

இஸ்திரி

ஒரு மழை நாள். பெருநகர் கிராமத்திலிருந்து தேவராஜ் என்று ஒரு பெரியவர் தொப்பலாக நனைந்து வந்தார். நெல் விற்பதற்கு ஆன்லைனில் பதிய வேண்டும். சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்த ஆதார், பேங்க் பாஸ்புக், சிட்டா எல்லாமே ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்தன. துடைக்கத் துணி தேடிக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் எல்லாவற்றையும் மானிட்டரின் முதுகில், காற்று போகிற ஓட்டைகளின் மேலே, வரிசையாகப் பரப்பிக்கொண்டிருக்கிறார். "ஐயா, எடுங்க, கெட்டுடும்" என்று நான் பதறுவதற்குள் சிட்டா ஓரம் சுருண்டு நன்றாகவே காய்ந்துவிட்டது.

அதைப் பார்த்து வாசலில் ஒதுங்கி நின்ற இன்னொருவர் தன் கைக்குட்டையைக் கொண்டுவந்து போட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேவராஜ் மட்டும் சிட்டாவைத் தடவிப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்:

"எம்மா, போர்டுல ஜெராக்ஸ், பிரின்ட்டுன்னு எயுதி வச்சிகினு கீறியே, அப்டியே இஸ்திரின்னும் சேத்து எயுதிடு."

உள்ளே யார்?

அந்த மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால் நான் வெளியே தெரிய மாட்டேன். நான் குள்ளம், அது அகலம். எதிரே ஸ்டூலில் உட்கார்கிறவர் மானிட்டரின் முதுகைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நான் இந்தப் பக்கமிருந்து அப்பா பேர், பிறந்த தேதி என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ரொம்ப முக்கியமான விஷயமென்றால் எழுந்து தலையை நீட்டிக் கேட்பேன், படியில் இடித்துக்கொள்வேன், உட்காருவேன்.

ஒருநாள் ஒருவர் பென்ஷன் விஷயமாக வந்தார். கேட்டதற்கெல்லாம் அடக்கமாக, கை கட்டிக்கொண்டு பதில் சொன்னார். இவ்வளவு மரியாதையான மனிதரா என்று எனக்கே ஆச்சரியம். கடைசியில் கைரேகை வைக்கச் சொல்லி நான் எழுந்து நின்றதும் ஆள் ஒரு துள்ளு துள்ளினார்.

"அப்ப இம்மாம் நேரம் கேள்வி கேட்டது நீதானா? நான் பொட்டிதான் கேக்குதுன்னு நெனச்சிகினு மரியாதையா பேசிகினு இருந்தேன்!"

முதுகில் ஒட்டும் துணி

சிரிப்பெல்லாம் மழைக்காலத்தோடு முடிந்தது. வெயில் காலத்தில் படிக்குக் கீழே சூடு தங்கிவிடும். ஃபேனை வேகமாக வைத்தால் பேப்பர் பறக்கும். மெதுவாக வைத்தால் மானிட்டரின் அனலை வாரி எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும். அந்த வருஷம்தான் எதிர்ப்புறத்தில் பாபு என்கிற பையன் கடை திறந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் அகலத்துக்கு இரண்டு ஸ்கிரீன். நல்ல பையன்தான். ஆனால் என் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டைக் கடந்தது. படிக்கட்டுக்குச் சொந்தக்காரர் வந்து, கடையைத் தொடர்ந்து நடத்துகிறேனா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று நாசூக்காகக் கேட்டுவிட்டுப் போனார்.

ரேவதி என்கிற காலேஜ் பெண் ஸ்கூல் காலத்திலிருந்து என்னிடம் வருகிறவள். அவள் எதிர்க்கடையிலிருந்து வெளியே வரும்போது என் கண்ணில் பட்டுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம். நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"கோச்சிக்காதக்கா. உன் வேல சுத்தமாத்தான் கீது. ஆனா இங்க குந்தி எயுந்தா முதுகுல துணி ஒட்டிக்குது. காலேஜுக்கு அப்டியே போவ முடியலக்கா."

மானிட்டர இடி

அவள் போனதும் மானிட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஏசி போட எனக்கு வசதியும் இல்லை, அந்த இடத்துக்கு ஏசி மாட்டச் சுவரும் இல்லை. ஆனால் சூட்டை வெளியே தள்ள முடியாவிட்டால் என்ன, சூடு வருவதையே குறைக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது. சின்னதாக, சூடாகாததாக ஒரு மானிட்டர்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் அருள் கொத்தனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "ஊருல அல்லாரும் டிவியப் பெருசா மாத்திகினு கீறாங்கோ. நீ இன்னா, கீறதவிட சின்னதா வாங்கறேன்ற? எதிர்க்கடைக்காரன் பாத்தா, ஸ்டெல்லா கடை போண்டி ஆயிடுச்சுன்னு சொல்லுவான்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். அதனால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்து வேலைக்குக் கிளம்பியவர், சொல்லாமல் கடைக்கு வந்து நின்றார். இடுப்பிலிருந்து டேப்பை உருவி மேஜையை அளந்தார். மானிட்டரை அளந்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். வாடிக்கையாளர் ஸ்டூலிலும் உட்கார்ந்து பார்த்தார். அங்கே உட்கார்ந்ததும் அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, மேஜையில் கைக்கும் பேப்பருக்கும் இடம் விட்டால் எவ்வளவு மிஞ்சுமோ அந்த அளவுக்கு வெட்டி என் கையில் கொடுத்தார்.

"ரூமு சின்னதா கீதுன்னா சொவுத்த இடிப்போம். உன்னுது வாடகைக் கடை, சொவுத்துல கை வைக்க முடியாது. மானிட்டர இடி."

காய்ச்சல் பார்த்தேன்

அந்த அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். முதல் கடையில் நான் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை. வில் மாதிரி வளைந்த ஒரு பெரிய மானிட்டரைக் காட்டி, "இதான் மேடம் இப்ப ஓடுது" என்றார்கள். அட்டையை அதன்முன் வைத்துக் காட்டினேன். யானைக்கு முன்னால் விசிறி மாதிரி இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடையில் ஒரு சேல்ஸ்மேன், என் வயசுதான் இருக்கும், பொறுமைசாலி. சின்ன சைஸில் இருந்தவற்றை வரிசையாக எடுத்து வைத்தார். "எல்லாத்தையும் போட்டு விடுங்க. முழு வெளிச்சத்துல, வெறும் வெள்ளைப் பக்கமா வையுங்க" என்றேன். நாம் வேலை செய்கிற வெப்சைட் எல்லாமே வெள்ளைதானே? நீலவானமும் அருவியுமா பார்க்கப் போகிறோம்? அவை ஓடட்டும் என்று விட்டுவிட்டு எதிரே போய் டீ குடித்தேன். திரும்பி வந்து ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்று நன்றாகவே சுட்டது. ஒன்று மேலே மட்டும் சுட்டது. ஒன்று வெதுவெதுப்பு. ஓரமாக இருந்த பத்தொன்பது இன்ச் ஒன்று மட்டும் சும்மா வைத்திருந்த பொருள் மாதிரி இருந்தது.

சந்தேகப்பட்டு அதைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மற்றவற்றைவிடக் கரண்ட் குறைவாகத்தான் இழுக்கிறது. அதோடு கரண்டை மாற்றிக் கொடுக்கிற கட்டி, லேப்டாப் சார்ஜர் மாதிரி, ஒயரின் நடுவில் தனியாக இருந்தது. அதாவது சூடாகிற பாகம் மேஜைக்குக் கீழே தரையில் கிடக்கும். காலும் அகலமாகப் பரப்பவில்லை, ஒரு சின்னத் தட்டுதான். அட்டையை வைத்துப் பார்த்தேன். அட்டையே கொஞ்சம் மிச்சமிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மறுபடியும் நான்கையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். கடையிலிருந்த மற்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சேல்ஸ்மேன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"மேடம், எல்லாருக்கும் காச்சல் பாத்துட்டீங்க. நல்லா கீறவங்கள டிஸ்சார்ஜ் பண்ணி இட்டுகினு போங்க."

குட்டி

புது மானிட்டரை மாட்டிய முதல் நாள் எனக்கு அழுகையே வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரிந்தது. அப்ளிகேஷனின் வலது ஓரம் ஸ்கிரீனுக்கு வெளியே போய்விட்டது. கொழுந்தனார் போன் போட்டு, "நான் குடுத்தது புடிக்கலையா அண்ணி?" என்று வேறு கேட்டார். மத்தியானத்துக்குள் எழுத்தைப் பெரிதாக்கினேன். பிரிக்காத ஏ-ஃபோர் பேப்பர் கட்டு ஒன்றைக் கீழே கொடுத்து உயரம் ஏற்றினேன். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்தேன். கண் பழகிவிட்டது. கீபோர்டுக்கு முன்னால் முழங்கை வைக்க இடம் கிடைத்தது. கடை வைத்த நாளிலிருந்து என் முழங்கை மேஜையைத் தொட்டதே இல்லை! ஸ்கேனரைத் தள்ளி வைத்ததில் ஒரு சின்ன டேபிள் ஃபேனுக்கும் இடம் வந்தது. அது இப்போது வெறும் காற்றை மட்டும் வீசியது.

அடுத்த கடை பூக்காரம்மா எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். பெரியதை விற்றுவிட்டேன் என்று நினைத்திருப்பார். ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற குமார் லைசென்ஸ் புதுப்பிக்க வந்து, மானிட்டரை முன்னும் பின்னும் பார்த்தான்.

"இன்னாக்கா, மானிட்டரு குட்டி போட்டுச்சா? தாயி எங்க, வூட்ல கீதா?"

இனிமேல் அக்கா வேண்டாம்

பழையசீவரத்தில் வசந்தி என்று ஒரு தையல்காரப் பெண். பிறவியிலேயே காது கேட்காது. பேசுகிறவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். கொஞ்சம் பேசுவாள், பழகினால் நமக்கும் புரியும். என்னிடம் எப்போது வந்தாலும் அவள் அக்காதான் கூட வந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். வசந்தி பேசாமல் ஓரமாக நிற்பாள். அவளுக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை போல என்று நான் நினைத்திருந்தேன்.

புது மானிட்டர் வந்தபிறகு ஒருநாள் உதவித்தொகை விஷயமாக இருவரும் வந்தார்கள். நான் வழக்கம்போல அக்காவைப் பார்த்து ஆரம்பித்தேன். வசந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பிக் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். அக்கா வாயைத் திறக்கும்போதெல்லாம் கையை நீட்டித் தடுத்தாள். ஒரு இடத்தில் அக்கா சொன்ன கல்யாணத் தேதி தப்பு என்று திருத்தவும் செய்தாள். முடியும்போது அக்கா வாசலில் போய் நின்று செல்போன் நோண்டிக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் நடுவில் சுவர் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை என்று நினைத்திருக்கிறேன். கிளம்பும்போது வசந்தி மானிட்டரின் தலையை ஒருமுறை தட்டினாள். பிறகு நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்:

"இப்ப, உங்க வாயி, தெரியுது. இனிமே, அக்கா, வேணாம்."

கரண்ட் போன சாயந்திரம்

இதுதான் நான் சொல்ல ஆசைப்பட்டது. கூலி வேலை செய்கிற ஏழுமலையின் மகள் பவித்ரா நர்ஸிங் முடித்தவள். அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். அவளுக்கு ஒரு சான்றிதழ் கைக்கு வரவே அன்று மத்தியானம் ஆகிவிட்டது. தமிழ்நாடு முழுக்க அத்தனை பேரும் அதே நேரத்தில் உட்கார்ந்திருக்க, சைட் நத்தை மாதிரி நகர்ந்தது. சாயந்திரம் ஏழுமலையும் வந்துவிட்டார். நடவு வேலையிலிருந்து நேரே வந்ததால் கால் நிறையச் சேறு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "சேறு கெடக்கட்டும், உள்ள வாங்க" என்று மகள் பக்கத்தில் உட்கார வைத்தேன். இப்போதுதான் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறதே.

போட்டோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது மேகம் கறுத்துக் காற்று அடித்தது. எங்கோ மரம் விழுந்த சத்தம். கரண்ட் போயிற்று. பழைய மானிட்டர் இருந்த காலத்தில் கரண்ட் போனால் யுபிஎஸ் கீ கீ என்று கத்தி, நான் மவுஸைத் தொடுவதற்குள் கண்ணை மூடிவிடும். பழக்கதோஷத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஸ்கிரீன் எரிந்துகொண்டிருந்தது. யுபிஎஸ் கத்தியது, ஆனால் விடவில்லை. சின்ன மானிட்டர் இழுப்பது கொஞ்சம்தானே! வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். பிரின்டர், ஸ்கேனர் ஒயரையெல்லாம் பிடுங்கினேன். என் போனிலிருந்து நெட்டைக் கொடுத்தேன்.

மானிட்டரைச் சற்றுத் திருப்பி வைத்தேன். மூன்று தலைகளும் அந்த மங்கலான ஸ்கிரீனுக்கு முன்னால். போட்டோ ஏறியது. கையெழுத்து ஏறியது. ஓடிபி வரவில்லை. பவித்ரா போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஆஃப் ஆயிடுமா?" என்றாள். "ஆவாது" என்றேன். எனக்கே தெரியாது. யுபிஎஸ் கத்தும் வேகம் கூடிக்கொண்டே போனது. ஓடிபி வந்தது. அவள் சொல்லச் சொல்ல அடித்தேன், அமுக்கினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது. பச்சை டிக்கும் விண்ணப்ப எண்ணும் வந்தன. சேவ் பண்ணி, அப்படியே பவித்ராவின் போனில் ஸ்கிரீனைப் படமும் எடுத்துக்கொண்டோம்.

பவித்ரா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள். பரீட்சை எழுதி, பிறகு அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது, இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. டிக்கைப் பார்த்ததே போதுமாக இருந்தது. ஏழுமலை எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார்.

"யாரைக் கும்புடறது, சொல்லு? உன்னக் கும்புடறதா, இந்தப் பொட்டியக் கும்புடறதா?"

ரோட்டைக் கடந்து

அவர்கள் வெளியே போகும்போது எதிரே பார்த்தேன். கண்ணாடிக் கதவு இருட்டாக இருந்தது. உள்ளே ஏசி இல்லாமல் புழுங்கித் தவித்த கூட்டம் வாசலில் நின்றது. பாபு மழையில் தலைமேல் ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே ஒரு பெண்ணும். அவளும் அதே வேலைக்குத்தான். எல்லா விவரமும் போட்டு முடித்து, கடைசிப் பக்கத்தில் அவனுடைய யுபிஎஸ் தாங்காமல் இரண்டு பெரிய ஸ்கிரீனும் ஒன்றாக அணைந்துவிட்டனவாம்.

அவன் கேட்பதற்கு முன்பே ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். யுபிஎஸ் தன் கடைசி மூச்சில் அந்தப் பெண்ணுடையதையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அணைந்தது. அந்த இருட்டில் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம், பூக்காரம்மா உட்பட. மறுவாரம் படிக்கட்டுக்காரர் வந்து, வேறு ஆள் பார்க்கிற பேச்சை அவரே விட்டுவிட்டார். ரேவதியும் திரும்பி வந்தாள். கூடவே இரண்டு சிநேகிதிகளையும் அழைத்து வந்தாள். பாபு ஒரு மத்தியானம் டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சுற்றிவளைத்துப் பேசினான். கடைசியில் என் மானிட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை, அப்படியே வைத்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. என்கூட காஞ்சிபுரம் வந்து எனக்கும் ரெண்டு சின்னதா காச்சல் பாத்து வாங்கிக் குடுப்பியா?"

ஊரில் இப்போது யாராவது "கடையைப் பெருசு பண்ணலையா?" என்று கேட்டால், பண்ணியாயிற்று, மானிட்டரைச் சின்னதாக்கி, என்று சொல்லிவிட்டு அவர்கள் முழிப்பதை என் முழங்கையை மேஜையில் ஊன்றி நிதானமாகப் பார்க்கிறேன்.